வட்டிக்குப் போன இருபத்தஞ்சு பவுன்

எங்கப்பா தூத்துக்குடியில ஒரு பேங்குல கிளார்க்கு. எழுபத்திரெண்டுல எனக்குக் கல்யாணம் பேசி முடிச்சாவ. மாப்பிள்ளை கப்பல்ல வேலை, ரெண்டு வருஷம் கழிச்சு வந்தப்புறம் கல்யாணம். "பவுனாப் போடுதியளா, ரூபாயாத் தாரியளா"ன்னு மாப்பிள்ளை வீட்டுல கேக்கத்தான் செஞ்சாவ. எங்க கடக்கரையில ரூபாய்னு சொன்னா கேவலம், பொண்ணைப் பவுன்லதான் பேசணும். "இருபத்தஞ்சு பவுன்"னு அப்பா நெஞ்சை நிமித்திச் சொன்னாவ.

அந்த இருபத்தஞ்சும் எங்கம்மா பெட்டியில இருந்துச்சு. மறுமாசமே அப்பா அதை அள்ளிக்கிட்டுப் போயி வித்து, ரெண்டு வருஷ டெபாசிட்டுல போட்டுட்டு வந்தாவ. அம்மா தலையிலடிச்சு அழுதா. "பெட்டியில கெடக்குற தங்கம் குட்டியா போடும்? பேங்குல வட்டி வரும்ளா. தங்கத்தைப் பூட்டி வைக்கிறதே நாட்டுக்குக் கெடுதல்னு மேனேஜர் சொல்லுதாரு"ன்னு அப்பா சட்டம் பேசுனாவ. வாக்குக் குடுத்தது பவுன், வச்சிருக்கது ரூபாய். கணக்குப் படிச்ச மனுசனுக்கு இது உறைக்கல பாருங்க!

பிறகு வெலவாசி ஏறுச்சு. அரிசி ஏறுச்சு, சீமெண்ணெய் ஏறுச்சு. அரபு நாட்டுக்காரன் எண்ணெய் வெலையைக் கூட்டிட்டான், சர்க்காரு நோட்டை அடிச்சுத் தள்ளுதுன்னு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னாவ. தங்கம் ரெண்டு மடங்குக்கு மேல போயிட்டு. இப்பமாவது பணத்தை எடுங்கன்னு அம்மா கால்ல விழாத குறை. "கெடுவுக்கு முன்னால எடுத்தா வட்டி போயிரும்"னாவ அப்பா. அந்த வட்டி நாசமாப் போக!

மாப்பிள்ளை ஊருக்கு வந்தாரு. எங்க மாதா கோயில்ல கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயித்துக்கெழமை பூசையில ஓலை வாசிப்பாவ. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை இருந்தா சொல்லுங்கன்னு. எங்களுக்கு ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. அந்த வாரம்தான் டெபாசிட்டு முடிஞ்சுது. முதலும் வட்டியுமா வாங்கிக்கிட்டு அப்பா நகைக்கடைக்குப் போனாவ. பன்னெண்டு பவுன்தான் வந்துச்சு.

சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் அதைக் கொண்டுபோயி மாப்பிள்ளையோட அம்மா முன்னால வச்சாவ. அப்பா பேங்கு ரசீதையும் எடுத்துக் காட்டுனாவளாம். அந்தப் பொம்பள ரசீதைத் தொடக்கூட இல்ல. "அண்ணே, உங்க மவளையும் பேங்குலயே போட்டு வைங்க. குட்டி போட்டதும் சொல்லியனுப்புங்க"ன்னு சிரிச்சாளாம். மாப்பிள்ளை உள்ள உக்காந்து ரேடியோ கேட்டுக்கிட்டு இருந்தாராம். அம்மா இதைச் சொல்லிச் சொல்லி அழுதா. எனக்கு அழுகை வரல, பத்திக்கிட்டு வந்துச்சு.

மறுநாள் காலையில, "கெளம்புளா பூசைக்கு"ன்னாவ அப்பா. "சாமியாரு கையில எழுதிக் குடுத்தது, வாசிக்காமயா போவாரு? வாசிச்சிட்டா அவிய மாத்த முடியாது." மாப்பிள்ளை வீட்டுக்காரவ முந்துன ராத்திரியே சாமியாரைப் பாத்து நிறுத்தச் சொல்லிட்டாவன்னு எங்களுக்குத் தெரியாது.

சாமியாரு மூணு ஜோடி பேரு வாசிச்சாரு. எங்க பேரு இல்ல. அத்தனை முக்காடும் எங்க பக்கம் திரும்புச்சு. நடுக்கோயில்ல அப்பா எந்திரிச்சு நின்னாவ. "சாமி, ஒரு ஓலை விட்டுப்போச்சு."

பின்னால யாரோ சிரிச்சாவ. நான் ஓடிப்போயி அப்பா சட்டையைப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சேன். "நீங்க செத்துத் தொலைஞ்சாத்தான் எனக்கு விடிவு"ன்னு காதுல சொன்னேன். அப்பா சரின்னு தலையாட்டுனாவ.

அதுக்கப்புறம் பதினோரு வருஷம் உயிரோட இருந்தாவ. நான் அந்த வார்த்தையைத் திருப்பி எடுக்கவே இல்ல.