நான் கொன்ற மாமியார்

நான் சீரியல் பார்ப்பவன் அல்ல. ஆறு வருடமாக, திங்கள் முதல் சனி வரை, மாலை ஏழரை மணிக்கு ஒரே நாற்காலியில் ஒரு நாள்கூடத் தவறாமல் உட்கார்ந்துகொண்டு, நான் சீரியல் பார்ப்பவன் அல்ல என்று சொல்லிக்கொண்டிருந்தவன். பார்ப்பவள் என் மனைவி. நான் பக்கத்தில் இருந்து கிண்டல் செய்பவன். ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் சுவர்கள் ரொம்பவும் நம்பத்தக்கவை அல்ல. என் கிண்டலுக்குப் பக்கத்து வீட்டில் சிரித்தார்கள் என்று இரண்டு மூன்று முறை தகவல் வந்திருக்கிறது. தொழிற்சாலையில் முப்பது வருட வேலைக்கு எனக்குக் கிடைக்காத பாராட்டு அது.

அந்த சீரியலில் ஒரு மாமியார். ரூபாய் நாணயம் அளவுக்குப் பொட்டு. விடியற்காலையில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு எழுந்து, மருமகளின் பாலில் எதையாவது கலக்கிவிட்டுத்தான் மற்ற வேலை. கண்ணை உருட்டினால் இடி இடிக்கும். கேமரா ஒவ்வொரு முகமாக மூன்று தடவை போய் வரும், சமையல்காரர் முகம் உட்பட. "இந்த ஊட்ல இடிதாங்கி வெச்சா சீரியல் முடிஞ்சிடும்" என்பேன். "பால்ல விஷம் கலக்குறவ, சர்க்கரை போட்டாளா பாரு" என்பேன். என் மனைவி திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "வாய மூடிகினு பாக்க வுடுய்யா" என்பாள். அப்படிச் சொல்லும்போதே அவள் தோள் குலுங்கும். சத்தம் வராத சிரிப்பு. எனக்கு அந்தத் தோள்தான் சம்பளம்.

அந்த மாமியார் எப்போது சாவாள் என்பது என் மனைவியின் ஆறு வருடக் கேள்வி. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது வேண்டிக்கொண்டாலும் ஆச்சரியமில்லை. எனக்கோ, வெளியில் சொல்லக் கூடாது, அந்த மாமியாரைப் பிடிக்கும். அவள் வராத நாளில் கிண்டல் செய்ய ஒன்றுமே இருக்காது. தீபாவளிக்கு அவள் கட்டிவந்த பச்சைப் புடவையைப் பற்றி ஸ்டோர் செக்ஷனில் அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். சீரியல் பார்க்காத மனிதன்.

போன வருடம் ஒரு காலையில் என் மனைவி அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். நகரத்துக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னபோது, பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறார்களே, எத்தனை பேனா தொலைந்திருந்தால் இந்த யோசனை வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி என்னை நானே அவ்வப்போது கிள்ளிப் பார்த்துக்கொண்டேன். கேன்டீனில் தயிர்சாதம் நன்றாக இருந்தது. அதுவும் ஞாபகம் இருக்கிறது.

பத்து நாள் கழித்துப் பெண்கள் வார்டுக்கு மாற்றினார்கள். நசரத்பேட்டையில் கட்டிக்கொடுத்திருக்கிற என் மகள், தன் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து கூட இருந்தாள். ஆண்களுக்கு ஆறிலிருந்து ஏழு வரைதான் அனுமதி. ஷிப்ட் முடிந்து ரயில் பிடித்து ஆறுக்குப் போய்ச் சேருவேன். நான் வந்ததும் மகள் டீ குடிக்கக் கீழே இறங்கிவிடுவாள். அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கு மூச்சு.

என் மனைவி கண் திறந்திருந்தாள். அவ்வளவுதான். கூரையைப் பார்ப்பாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். கையைப் பிடித்தால் பிடித்துக்கொள்ளவும் மாட்டாள், இழுத்துக்கொள்ளவும் மாட்டாள். டாக்டர், காதில் விழுகிறதா இல்லையா என்று இப்போது சொல்ல முடியாது, பழக்கமான விஷயமாகப் பேசிக்கொண்டே இருங்கள் என்றார்.

பேசினேன். மகள் வந்திருக்கிறாள், குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டேன், உன் தங்கை போன் செய்தாள். இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. மிச்சம் ஐம்பத்தெட்டு நிமிடம். இருபத்தெட்டு வருடம் குடித்தனம் செய்தவர்களுக்குப் பழக்கமான விஷயம் எது என்று யோசித்தேன். மாமியார்தான் ஞாபகத்துக்கு வந்தாள்.

அதில் ஒரு சிக்கல். ஏழு மணிக்கு வார்டை விட்டு வெளியே தள்ளுவார்கள். நான் ஆவடி வந்து சேரும்போது சீரியல் முடிந்திருக்கும். மறுநாள் மத்தியானம் திரும்பப் போடும்போது தொழிற்சாலையில் இருப்பேன். போனில் பார்க்கலாம் என்று மகள் ஏதோ ஏற்றிக் கொடுத்தாள். ரயிலில் திறந்தால் படம் சுற்றிக்கொண்டே நிற்கும். வீட்டுக்கு வந்து, தனியாக உட்கார்ந்து போனில் பார்க்கவும் முயன்றேன். காலியான நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிண்டல் செய்ய எனக்கே வெட்கமாக இருந்தது. அணைத்துவிட்டேன்.

ஆகவே, நானே கதை கட்டினேன். முதல் நாள் கொஞ்சம்தான் பொய். மாமியார் மருமகளின் சாவிக்கொத்தை ஒளித்துவைத்தாள் என்றேன். இரண்டாம் நாள் அந்தச் சாவிக்கு ஒரு பீரோ தேவைப்பட்டது, பீரோவுக்குள் ஏதாவது தேவைப்பட்டது. ஒரு வாரத்தில் அங்கே ஓடுகிற கதைக்கும் இங்கே ஓடுகிற கதைக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. அவர்களுக்கு ஞாயிறு விடுமுறை. எனக்கு அதுவும் கிடையாது.

பக்கத்துக் கட்டிலில் வானகரத்திலிருந்து வந்த ஒரு பெண், இடுப்பு முறிந்த தன் மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தினமும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அதே சீரியலைப் பார்க்கிறவள் என்பது எனக்குத் தெரியாது. ஐந்தாறு நாள் பொறுத்தாள். பிறகு, நான் கிளம்பும்போது வாசல் வரை வந்தாள்.

"இன்னாண்ணா, நேத்து அப்டி ஒண்ணும் வரலியே."

"தெரியும்மா. நான் பாக்கல."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சரி சொல்லுங்க, உங்களது நல்லாத்தான் கீது என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து ஆறு மணிக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளும் கேட்டாள். அவள் மாமியாரும் கேட்டார். எனக்கு ரசிகர்கள் கூடிக்கொண்டே போனார்கள். யாருக்காகச் சொன்னேனோ அவள் மட்டும் கூரையைப் பார்த்தாள்.

மூன்றாவது வாரம், வேறு வழி தெரியாமல், மாமியாரைக் கொல்ல முடிவு செய்தேன். ஆறு வருடம் காத்திருந்த சாவு. இதற்குக்கூட என் மனைவி அசையாவிட்டால் வேறு எதற்கு அசைவாள். மதுரவாயல் பைபாஸில் லாரி ஏற்றினேன். கோடீஸ்வர வீட்டு அம்மாள் பட்டுப்புடவையோடு பைபாஸை நடந்து ஏன் கடக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற ஒரே ஆள் நான், நானே கதை சொல்லிக்கொண்டிருந்தேன். உடனே சாகவிடவில்லை. மூன்று நாள் ஐ.சி.யூ.வில் வைத்து, மருமகளிடம் மன்னிப்புக் கேட்கவைத்து, நாலாம் நாள் கண்ணை மூடவைத்தேன். வார்டில் எந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு என்ன கதை சொல்கிறோம் என்பது பாதிக்கு மேல்தான் உறைத்தது. இரண்டு கட்டில் தள்ளி ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"செத்துட்டாமே அவ" என்று காதருகில் குனிந்து சொன்னேன். "நெசமா செத்துட்டா. பாடை கட்டியாச்சி."

என் மனைவி முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. தோளையும் பார்த்தேன். போர்வை போர்வையாகவே இருந்தது. மணி ஏழு ஆனது. ரயிலில் இடம் கிடைத்து உட்கார்ந்து வந்தேன். அம்பத்தூரில் ஒருவன் ஏறி என் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டான். பரவாயில்லை என்றேன். நிஜமாகவே பரவாயில்லைதான். எதுவும் பட்டதாகவே தெரியவில்லை.

அதற்குப் பிறகும் தினமும் போய்க் கதை சொன்னேன். வாய் சொன்னது. நான் வேறு எங்கோ இருந்தேன். எங்கே என்று கேட்டால் தெரியாது. சுவரில் ஒரு மின்விசிறி சுவிட்சு உடைந்திருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே சொல்வேன். வானகரத்துப் பெண் அவ்வப்போது, அண்ணே அது நேத்தே சொல்லிட்டீங்க என்று திருத்துவாள்.

நாற்பத்து மூன்றாம் நாள் என் மனைவியை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குள் திரும்பிப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். ஊட்டினால் சாப்பிட்டாள். தண்ணி, போதும், வலிக்குது என்று மூன்று வார்த்தை பேசினாள். உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று போகப் போகத்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளை அவள் நாற்காலியில் உட்காரவைத்து, நான் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். எல்லாம் பழையபடி இருந்தது, டிவியைத் தவிர.

ஏனென்றால் நான் கொன்றவள் அங்கே உயிரோடு உலவிக்கொண்டிருந்தாள். ஏழரை ஆனால் செய்தி வைத்தேன். ஒரு நாள் கேபிள் வரவில்லை என்றேன். ஒரு நாள் ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடினேன். அவளுக்கு அந்த சீரியல் ஞாபகம் இருக்கிறதா, என் பொய் ஒன்றாவது காதில் விழுந்ததா, எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளும் தைரியம் எனக்கு இல்லை. கேட்டு, இல்லை என்று ஆகிவிட்டால், அந்த ஒரு மாதம் நான் ஒரு கட்டிலோடு பேசியிருக்கிறேன் என்று ஆகும். இனிமேல் ஒரு நாற்காலியோடு பேச வேண்டும் என்றும் ஆகும். செய்தி பார்ப்பது சுலபம்.

பதினைந்து நாள் இப்படிப் போனது. நசரத்பேட்டையிலிருந்து மகள் வந்தாள். நான் கட்டிய கதை ஒன்றும் தெரியாதவள். நான் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினால், வாசலிலேயே இடி இடிக்கிற சத்தம். கேமரா மூன்றாவது முறையாகச் சமையல்காரர் முகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

பையை வைத்துவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தேன். மாடிப்படியில் பட்டுப்புடவை இறங்கியது. அதே பொட்டு, அதே கொண்டை. ஆனால் முகம் வேறு. பழைய நடிகை விலகிவிட்டார் போலும். திரையின் அடியில் வழக்கமான எழுத்து ஓடியது: இவருக்குப் பதில் இவர். மகன், மருமகள், வேலைக்காரர்கள் எல்லோரும் அந்தப் புது முகத்தை ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் பார்த்தார்கள். யாரும் சின்னச் சந்தேகம்கூடப் படவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன். இவள் வேறு யாரோ என்று சொல்லிவிடலாம்.

என் மனைவி நிதானமாகத் தலையைத் திருப்பினாள்.

"செத்துட்டான்னு சொன்னே."

மகள் சமையல்கட்டிலிருந்து, யாரும்மா, யார் செத்தா என்று ஓடிவந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"ஆமாமே. அவ செத்துட்டா. இது வேற பொம்பள."

அவள் வலது கையை மெல்லத் தூக்கித் திரையைக் காட்டினாள். அந்தக் கை அவ்வளவு உயரம் போய் அதுவரை நான் பார்க்கவில்லை.

"எழுத்து போட்டாம்பாரு. ஆளுதான் வேற. அவ அவதான்." மூச்சு வாங்கினாள். "பொய்யி."

ஆறு வருட ரசிகையிடம் அந்தப் பாச்சா பலிக்குமா. ஒப்புக்கொண்டேன். எல்லாமே பொய்தான், ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை என்றேன். அவள் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. அவள் முகம் இப்போதும் பாதிதான் அசைகிறது, எது எந்த உணர்ச்சி என்று எனக்கு இன்னும் பாடமாகவில்லை. பிறகு கேட்டாள்.

"நகைப் பொட்டி யாரு எடுத்தா?"

"எந்தப் பொட்டி?"

"தண்ணித் தொட்டிக்கிக் கீழ பொதச்சாளே. சாவுறதுக்கு முன்ன. நொண்டி வாச்மேன் பாத்துட்டான்னு சொன்னே."

எனக்கு எந்தப் பெட்டியும் ஞாபகம் இல்லை. தண்ணீர்த் தொட்டியும் இல்லை, நொண்டி வாச்மேனும் இல்லை. ஞாபகம் இருந்தது உடைந்த சுவிட்சு மட்டும்தான். சத்தியமாகத் தெரியாது என்றேன். அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். தலையில் தையல் போட்டிருப்பது எனக்குத்தான் என்பதுபோல் பார்த்தாள். கட்டிலில் படுத்திருந்தவள் அந்த ஒரு மணி நேரமும் அங்கேயே இருந்திருக்கிறாள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன்தான் இல்லை.

விளம்பரம் வந்தது. அவள் சொல்லத் தொடங்கினாள். ஒரு வார்த்தை, ஒரு மூச்சு, ஒரு வார்த்தை. வாச்மேனுக்கு ஒரு தங்கை. தங்கைக்கும் மருமகளுக்கும் ஒரே ஊர். பெட்டியில் நகையே இல்லை, கடிதம்தான் என்று நான் ஒரு புதன்கிழமை சொன்னேனாம். அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். யாரோ எழுதிய கதை மாதிரி இருந்தது. பரவாயில்லாமல்தான் எழுதியிருக்கிறான். அழுகை வருமோ என்று துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வரவில்லை. துண்டு சும்மா கிடந்தது.

விளம்பரம் முடிந்தது. புது மாமியார் பால் டம்ளரைக் கையில் எடுத்தாள். இடி இடித்தது.

"வாய மூடிகினு பாக்க வுடுய்யா" என்றாள்.

நான் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. இருந்தாலும் மூடிக்கொண்டேன்.