கேக்கில் எழுதிய பட்டம்

மூச்சை அடக்கிக்கொண்டுதான் எழுதுவார். நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கும். இடது கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடும். கூம்பு உறையிலிருந்து கிரீம் நூலாக இறங்கி, கேக்கின்மேல் எழுத்தாகச் சுருளும். கடைசிப் புள்ளி வைத்த பிறகே மூச்சு வெளியே வரும். தெருவில் எல்லோருக்கும் அவர் கேக் மாஸ்டர்.

மகளைப் பள்ளியில் சிறப்புத் திறன் வகுப்புக்குத் தேர்ந்தெடுத்த நாளிலிருந்து மாஸ்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. ரொட்டி வாங்க வந்தவர், வழி கேட்க வந்தவர், குழாய் ரிப்பேருக்கு வந்தவர் என்று ஒருவரும் சேதி கேட்காமல் திரும்ப முடியாது. "மொத்தப் பள்ளிக்கூடத்துலயும் ஆறே பேருங்க! அதுல ஒண்ணு நம்ம வீட்டுது!" எதிர்க்கடைத் தையல்காரர், "நல்லவேளை, அப்பனுக்குப் பரீட்சை வைக்கல" என்று கிண்டலடித்தால் அதற்கும் ஒரு பன் இலவசம்.

பூரிப்பு கைவழியாகவும் வழிந்தது. ஓய்வுபெறும் கணக்கர் ஒருவருக்கான கேக்கில் 'நலமாக வாழ்க' என்று எழுதவேண்டிய இடத்தில், மகள் நினைப்பிலேயே 'எங்கள் அறிவாளிக்கு' என்று எழுதி அனுப்பிவிட்டார். மறுநாள் அந்தக் கணக்கரே கடை ஏறி வந்ததும், மாஸ்டர் மேசைக்கடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்தார். வந்தவரோ அவரை எழுப்பிக் கையைக் குலுக்கினார். "இத்தனை வருஷத்துல ஆபீஸ்ல ஒருத்தன் என்னை இப்படிச் சொன்னதில்லப்பா!"

கல்லாவிலிருந்த மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "ஊருக்கெல்லாம் பட்டம் குடுக்கறீங்க. நம்ம புள்ள ஒரு வாரமா ஒரு கேள்வி கேக்கல, கவனிச்சீங்களா?"

"அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே!"

"வாயைத் திறந்தாலே 'அறிவாளிக்குத் தெரியாததா?'ங்கறீங்க. அப்புறம் எப்படிக் கேப்பா?"

மாஸ்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. எறும்பு தூங்குமா, சர்க்கரை தண்ணீருக்குள் எங்கே போகிறது என்று பையைக் கழற்றுமுன்பே நச்சரிக்கிற பெண் அவள்.

அன்று மாலை மகள் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து ஓவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்தது, மூடிக்கொண்டது.

"என்னமோ கேக்க வந்தியே கண்ணு?"

"ஒண்ணுமில்லப்பா."

"சும்மா கேளு."

"கேட்டா… இது கூடத் தெரியலையான்னு அந்த வகுப்புலேருந்து எடுத்துட மாட்டாங்களே?"

மாஸ்டர் மூட்டையருகே குந்தினார். "எவன் எடுப்பான்? நீ கேளு."

"கேக் ஏன் நடுவுல மட்டும் உப்புது?"

பழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார்.

"தெரியலையேம்மா."

"உனக்கேவா?"

"சத்தியமா! தினம் பாக்கறேன், ஏன்னு யோசிச்சதே இல்ல."

மகள் மூட்டையிலிருந்து குதித்தாள். "ஓரம் முதல்ல வெந்துடுதோ? அப்போ நடுவுக்குப் போக வேற இடமில்லையோ? சின்னத் தட்டுல ஊத்துனா? தட்டே சதுரமா இருந்தா?"

முன்பக்கத்திலிருந்து மனைவி கூப்பிட்டாள். "ஏங்க, ஆள் காத்துக்கிட்டிருக்காங்க!"

மாஸ்டர் ஓவன் கண்ணாடியைத் துடைத்தார். உள்ளே பார்க்க வாகாக, மாவு சிந்திய தரையில் குப்புறப் படுத்தார். மகளுக்கு இடம்விட்டு ஓரமாக நகர்ந்துகொண்டார்.