தண்ணீர்க் குகையைத் தாண்டிய அன்று

எங்கள் குவார்ட்டர்ஸில் டிவி பேசாது. அப்பா நிலக்கரி மைன்ஸில், இரையும் ராட்சத மிஷினில் ஷிப்ட் பார்ப்பவர். நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் படுத்தாரென்றால் வீட்டில் ஒருவரும் மூச்சு விடக் கூடாது. அம்மாவின் சட்டம் அது. குக்கரை விசில் அடிக்க விடாமல் கரண்டிக் காம்பால் தூக்கிவிடுவாள். தோலை உரித்துவிடுவேன் என்று எங்களை மிரட்டுவதும் கிசுகிசுப்பாகத்தான்.

டிவியில் செருகி ஆடும் பழைய வீடியோ கேமையும் நானும் அக்காவும் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுத்தான் ஆடினோம். வாளும் விளக்குமாக ஒரு பையன், தொலைந்துபோன தம்பியைத் தேடி ஊர் ஊராய்ப் போகும் கதை. எல்லாவற்றையும் ஊதித் தள்ளிய அக்கா, தண்ணீர்க் குகையில் மாட்டிக்கொண்டாள். இருட்டில் எங்கு திரும்பினாலும் கதவுகள். தப்பான கதவைத் திறந்தால் மறுபடி குகை வாசலிலேயே வந்து நிற்க வேண்டும். எது சரி என்பதற்கு ஒரு துப்பும் தெரியவில்லை. பத்தாவது படிக்கும்போது மாட்டியவள், பிளஸ் டூ முடித்தும் வெளியே வந்தபாடில்லை. அதற்குள் அந்த கேம் பெட்டியே புகைந்துபோய்விட்டது.

அக்காவுக்குக் கோயம்புத்தூரில் சீட் கிடைத்து, ஹாஸ்டலுக்குக் கிளம்ப இருந்த வாரம், பெரியப்பா மகனான அண்ணன் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தார். அவர் பையில் அதே கேம்! கையில் வைத்து ஆடும் சின்ன மிஷினுக்காகப் புதிதாகச் செய்தது. அக்கா போவதற்குள் எப்படியாவது குகையைத் தாண்டிவிட வேண்டும் என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் போய்விட்டால் நான் யாரோடு ஆடுவேன்?

சும்மா சொல்லக் கூடாது, அருமையாகத்தான் செய்திருந்தார்கள். பழைய டிவியில் மூக்கும் வாயும் ஒன்றாகத் தெரிந்த பையனுக்கு இப்போது சட்டைத் தையல்கூடத் தெரிந்தது. வரைபடம் கீழே தனித் திரையில் இருந்ததால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வழி தேட வேண்டியதில்லை. ஆனால் அது த்ரீ-டி திரை, நேராகப் பார்ப்பவருக்குத்தான் படம் படமாகத் தெரியும். பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தால் இரண்டு பையன்கள் ஓடுவார்கள். மண்டையும் மண்டையும் முட்டிக்கொண்டதுதான் மிச்சம். போதாததற்கு சார்ஜ் வேறு சீக்கிரம் தீர்ந்துவிடும். ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்பும் நெய்வேலியில் உட்கார்ந்துகொண்டு, கரண்டுக்குப் பயந்தவர்கள் நாங்களாகத்தான் இருக்கும்.

அன்றும் அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா வழக்கம்போலச் சத்தத்தைக் குறைக்கப் போனாள். இயர்போன் எதற்கு இருக்கிறது என்று அண்ணன் எடுத்துக் கொடுத்தார். அவள் வலது காதில் ஒன்று, என் இடது காதில் ஒன்று. குகைக்குள் நுழைந்ததும் என் காதில் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்தது.

"அக்கா, என் பக்கம் தண்ணி சொட்டுது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலியேடி" என்றவள், சட்டென்று இடது பக்கக் கதவைத் திறந்தாள். குகை எங்களைத் திருப்பி அனுப்பவில்லை. அடுத்து அவள் காதில் சொட்டியது. வலது பக்கம் போனோம். அடப்பாவிகளா, துப்பு முழுக்கச் சத்தத்தில்தான் இருந்திருக்கிறது! நான் கேட்டுச் சொல்ல, அவள் பார்த்து ஆட, கடைசிக் கதவுக்கு அப்பால் வெயில் அடித்தது. எங்களை அறியாமல் கூச்சல் போட்டுவிட்டோம். அம்மா ஓடி வந்து ஆளுக்கொரு குட்டு வைத்தாள். நல்லவேளை, அப்பா புரண்டுகூடப் படுக்கவில்லை.

டீ நேரத்துக்கு அவராகவே எழுந்து வந்தார். குகையைத் தாண்டிய கதையை நான் கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். தனக்கும் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் காட்டச் சொல்லி, இயர்போனை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டார்.

"சத்தம் வெயி பாப்பா."

வைத்தேன். இன்னும் வை என்றார். முழுக்கத் திருப்பினேன். எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கே அது சொட்டுவது கேட்டது. அப்பா கண்ணை மூடிக் காத்துக்கொண்டிருந்தார்.

"மிஷின்ல இதான்பா கொறை, சத்தம் பத்தாது" என்று அண்ணனைக் குத்திக் காட்டினேன். அப்பா என் வாயையே பார்த்துவிட்டுச் சிரித்தார். அண்ணன் அக்காவைப் பார்த்தார்.

அக்கா மிஷினை வாங்கி மூடி வைத்தாள். அப்பாவை ஒட்டி உட்கார்ந்து, குகையின் கதையை முதலிலிருந்து உரக்கச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் ஒவ்வொரு கதவுக்கும் "அப்புறம்?" என்று ஆசையாகக் கேட்டார். அம்மா அடுப்படி வாசலில் நின்றாள், அதட்டவே இல்லை. நான்தான் எல்லாம் சொல்லியாயிற்றே, இவள் எதற்கு இப்படிக் கத்துகிறாள் என்று எனக்கு ஒரே எரிச்சலாக இருந்தது.