பதினேழாம் எண்ணின் காலை நேரம்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. பல் மருத்துவரிடம் காத்திருக்கும்போதுகூட எழுந்துபோய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களையெல்லாம் படித்து, அதிலுள்ள எழுத்துப் பிழைகளை வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் சொல்லிவிட்டு வருவேன். இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு, ஒரு கடிதத்துக்குப் பதில் வரவே மூன்று வாரம் ஆகும் வெளிநாட்டுக் கூட்டு ஆராய்ச்சியில் போய் மாட்டிக்கொண்டேன்.

அந்த அறிவிப்பு எங்கள் பொறியியல் கல்லூரியின் பொது மின்னஞ்சலுக்குத்தான் வந்தது. சுகாதாரம், கணினி வலையமைப்பு, பாதுகாப்புத் தொழில்நுட்பம் ஆகியவற்றில் பிரெஞ்சு ஆய்வகங்களோடு சேர்ந்து ஆராய விரும்புவோர் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. இப்படி மாதம் நான்கு வரும், யாரும் திறக்கமாட்டார்கள். நான் திறந்தேன். வலையமைப்பும் பாதுகாப்பும் என் பாடம். சுகாதாரத்துக்கு ஆள் தேடினேன். தெற்கு பிரான்சில் ஓர் ஆய்வகத்தில், இதய மருத்துவராக இருந்து கணக்குப் பக்கம் போன ஓர் அம்மையார் அகப்பட்டார். எழுதினேன். பதில் வருவதற்குள் இரண்டு முறை நினைவூட்டிவிட்டேன். பிற்பாடு அவரே சிரித்துக்கொண்டு சொன்னார், அந்த அவசரத்தைப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டாராம்.

ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில் பிரான்ஸ் என்றால் யாருக்கும் வெளிநாடாகவே தெரியாது. ஒப்பந்தத்தில் முத்திரை வாங்க அலுவலகத்துக்குப் போனால், கண்காணிப்பாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க சித்தப்பா அங்கதான் இருக்காரு மேடம். போனீங்கன்னா ஒரு பார்சல் குடுத்துவிடலாமா?" என்று கேட்டார். நான் எங்கேயும் போகப் போவதில்லை, எல்லாம் கணினித் திரையில்தான் என்றேன். அவருக்கு என் மேல் மரியாதை குறைந்துவிட்டது. முத்திரைக்கு ஒன்பது நாள் ஆனது.

எங்கள் கூட்டம் இந்திய நேரம் மதியம் ஒன்றரைக்கு. அவருக்கு அது காலை. அவர் காபிக் கோப்பையோடு வருவார். நான் தயிர்சாத டப்பாவை கேமராவுக்கு எட்டாத இடத்தில் வைத்துக்கொண்டு, அவர் பேசும்போது ஒரு வாய் போட்டுக்கொள்வேன். இரண்டு மணிக்கு எனக்கு ஆய்வக வகுப்பு.

வேலை இதுதான். கையில் கட்டும் ஒரு பட்டை. அது நாடித்துடிப்பைப் பதிந்து, வீட்டில் வைத்திருக்கும் சின்னப் பெட்டிக்கு அனுப்பும். பெட்டி எங்களுக்கு அனுப்பும். துடிப்பைப் படிப்பது அவர் பொறுப்பு. பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. அதோடு நான் ஒரு பூட்டும் செய்திருந்தேன். ஒவ்வொருவர் துடிப்புக்கும் ஒரு தனி வடிவம் உண்டு. பட்டை முதல் வாரத்தில் தன் ஆளைக் கற்றுக்கொள்ளும். பிறகு வேறு யாராவது கட்டினால் சத்தம் போடாமல் 'வேறு ஆள்' என்று குறித்துவிடும். என் பூட்டை நானே சரிபார்த்தால் நம்பக்கூடாது என்பதால், அந்தக் குறிப்புகள் மாதம் ஒருமுறை மொத்தமாக அவருக்கு மட்டும் போகும்படி வைத்திருந்தோம்.

பிள்ளைச்சாவடி மீனவர் குப்பத்தில் இருபது பெண்களுக்குப் பட்டை கொடுத்தோம். பெரும்பாலும் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், மீன் விற்பவர்கள். எல்லோரும் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பெயர் எங்கேயும் வராது, எண் மட்டும்தான். இந்தச் சோதனை ஒழுங்காக முடிந்தால் மூன்று வருடக் கூட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைத்தால் எனக்கு மூன்று வருடம் வேலை. கிடைக்காவிட்டால், வருடா வருடம் நீட்டிக்கும் என் பணியை இந்த முறை நீட்டிக்கமாட்டார்கள் என்று துறைத் தலைவர் முன்கூட்டியே காதில் போட்டுவிட்டார். அன்று முதல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

முதல் மாதம் பதினேழாம் எண்ணில் தினமும் காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை ஒன்றுமே வராது. என் திரையில் அந்த நேரம் சிவப்பாகக் கிடக்கும். பதினேழாம் எண், படகிலிருந்து மீன் எடுத்து ஊருக்குள் கொண்டுபோய் விற்கும் ஓர் அக்கா. எனக்குச் சிவப்பைப் பார்த்தாலே உடம்பெல்லாம் அரிக்கும். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். நல்ல வார்த்தையாகத்தான் ஆரம்பித்தேன். அப்புறம் என் குணம் வெளியே வந்துவிட்டது. "இப்படிக் கழட்டிக் கழட்டி வெச்சா எப்படிக்கா? அங்க பிரான்ஸ்ல இருக்கறவங்க என்னைக் கேக்கறாங்க. என் வேலைக்கே உலை வெச்சிடுவீங்க போலிருக்கே!" என்று தெருவில் நின்று கத்தினேன். உண்மையில் பிரான்சில் யாரும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து சிவப்பே இல்லை. பார்த்தாயா, ஒரு சத்தம் போட்டால்தான் வேலை நடக்கிறது என்று மகிழ்ந்துபோனேன். விண்ணப்பத்தில் 'இடைவெளியற்ற பதிவுகள்' என்று ஒரு பத்தியே எழுதினேன்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அந்த வாரத் திங்களன்று, ஒன்றரை மணிக் கூட்டத்தில் அம்மையார் காபி இல்லாமல் வந்தார்.

"பதினேழாம் எண். காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை உன் பூட்டு 'வேறு ஆள்' என்கிறது. தினமும். ஒரே வேறு ஆள்" என்றார் ஆங்கிலத்தில். பூட்டு தப்பாக இருக்குமோ என்று கேட்டேன். இல்லை, பூட்டு சரி, நன்றாக வேலை செய்கிறது என்றார். அடுத்து அவர் சொன்னதுதான் விஷயம். "அந்த வேறு ஆளின் இதயம் ஒழுங்காகத் துடிக்கவில்லை. எனக்கு இது பிடிக்கவில்லை. யாரென்று கண்டுபிடி. சீக்கிரம்."

விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டு நேராகத் துறைத் தலைவர் அறைக்குப் போனேன். கையெழுத்துப் போடாத ஒருவரின் பதிவு எங்களிடம் இருப்பது விதிமீறல். நெறிமுறைக் குழுவுக்கு எழுதவேண்டும். குழு கூடிப் பேசி முடிக்க எப்படியும் இரண்டு வாரம் ஆகும். அதுவரை விண்ணப்பம் போகாது. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவரே கணக்குப் போட்டுவிட்டார்.

"பதினேழைத் தூக்கிடுங்கம்மா. பத்தொன்பது பேர்னு போடுங்க. வெள்ளிக்கிழமை அனுப்பிட்டு, சனிக்கிழமை போய் யாருன்னு பாருங்க. நாலு நாள்ல இன்னா ஆயிடப்போவுது?"

சார் கெட்டவர் இல்லை. என் வேலை போகக்கூடாதே என்றுதான் சொன்னார். நானும் அதற்காகத்தான் தலையாட்டினேன். இதை யார் மேலும் போட எனக்கு விருப்பமில்லை.

திங்கள் மாலையும் செவ்வாய் முழுவதும் அட்டவணைகளை மாற்றினேன். இருபதைப் பத்தொன்பதாக்குவது அவ்வளவு சுலபமில்லை. சராசரி மாறும், படம் மாறும், அடிக்குறிப்பு மாறும். என் திரையிலிருந்தும் பதினேழாம் வரிசையை மறைத்துவிட்டேன், கண்ணில் பட்டால் வேலை ஓடாது என்று. மதியம் அம்மையாரிடமிருந்து 'கண்டுபிடித்தாயா?' என்று ஒரு வரி வந்தது. 'விசாரித்துக்கொண்டிருக்கிறேன்' என்று எழுதினேன். பச்சைப் பொய். அன்று வகுப்பில் ஒரே கேள்வியை இரண்டு முறை பலகையில் எழுதிவிட்டு, சிரித்த பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன்.

புதன் காலை ஏழு மணி இருக்கும். கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விண்ணப்பத்தின் கடைசிப் பகுதியை நிரப்பிக்கொண்டிருந்தேன். எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும் பகுதி. பார்த்து எழுதினாலே போதும். 'பங்கேற்பவர்களின் நலனே எங்களுக்கு முதன்மையானது' என்று அடித்தேன். அடித்த கை அப்படியே நின்றது. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. கணினியை மூடவில்லை, ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பிள்ளைச்சாவடியில் அந்த அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில், டாக்டர் கூப்பிடக் காத்திருப்பவரைப் போல ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் இடது கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார். அதற்குள் நான் பட்டையைப் பார்த்துவிட்டேன்.

அவர் அந்த அக்காவின் ஓர்ப்படி, கொழுந்தனாரின் மனைவி. அடுத்த வீடு.

"அக்கா இல்ல டீச்சரம்மா, மார்க்கெட்டுக்குப் போயிருக்குது."

"தெரியும்க்கா. இதை எவ்வளவு நாளா நீங்க கட்டிக்கறீங்க?"

"நீ வந்து சத்தம் போட்டுட்டுப் போனியே, அன்னியிலருந்து." எழுந்திருக்கப் பார்த்தார், மூச்சு வாங்கியது, மறுபடி உட்கார்ந்தார். "அக்கா விடியறப்ப ஐஸ் தண்ணியில கைய விடணும். மெஷின் கெட்டுப்போவும்னு கழட்டிட்டுப் போவும். கழட்டுனா உனக்கு அங்க செவப்பா தெரியுதாம். வெளிநாட்டுக்காரங்க உன்னக் கேக்கறாங்களாம். பாவம், பொம்பளப்புள்ள வேலைக்குக் கேடு வந்துடும்னு அக்கா ஒரே பொலம்பல். அதான் அந்த நேரத்துக்கு நான் போட்டுக்கறேன். யார் கையா இருந்தா இன்னா, நாடிதானே ஓடுது?"

ஒருவருக்கு முடியாதபோது மற்றவர் போய் நிற்பது அங்கே வழக்கம். ரேஷன் வரிசையிலும் நிற்பார்கள், துக்க வீட்டிலும் நிற்பார்கள். அதே போல இதிலும் நின்றிருக்கிறார்கள். அந்நியர் யாராவது புகுந்து ஏமாற்றினால் பிடிக்கவேண்டும் என்று நான் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த பூட்டில் அகப்பட்டது, எனக்கு நல்லது செய்ய வந்த இந்த அம்மாள்.

"ஏன் இப்படி அசையாம உட்காந்திருக்கீங்க?"

"வேலை செஞ்சா உனக்குத் தப்பா காட்டிடுமோன்னு."

படபடப்பு எவ்வளவு நாளாக என்று கேட்டேன். அது கிடக்கிறது, வயசாகிவிட்டது என்றார். வற்புறுத்தி ஆட்டோவில் ஏற்றினேன். அரசு மருத்துவமனையில் இசிஜி எடுத்த டாக்டர், தாளைப் பார்த்துவிட்டு உடனே சேர்க்கச் சொன்னார். இதயம் இப்படித் தாறுமாறாகத் துடித்தால் உள்ளே இரத்தம் கட்டும், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும் என்று விளக்கினார். "இப்பவாவது கூட்டிட்டு வந்தீங்களே" என்றார்.

அன்று மதியம், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றபடியே அம்மையாரை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன், விசாரிப்பதாகச் சொன்ன பொய்யையும் சேர்த்து. "அவர் பிழைத்திருக்கிறார் அல்லவா? அறிக்கையை எழுது" என்றார்.

எழுதினேன். 'மீறலுக்கான காரணம்' என்ற கட்டத்தில், 'பங்கேற்பாளர்கள் அறிவுரையைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை' என்று போடச் சொன்னார் துறைத் தலைவர். அவர்கள் சரியாகத்தான் புரிந்துகொண்டார்கள். 'நான் திட்டினேன். என் வேலை போய்விடும் என்று பயந்து உதவினார்கள்' என்று எழுதினேன். எனக்குத் தெரியவந்த திங்களையும் நான் போன புதனையும் அப்படியே போட்டேன். குழு இரண்டு வாரத்துக்குப் பதில் ஐந்து வாரம் எடுத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை வந்தது, போனது. என் பணியை நீட்டிக்கவில்லை. தவளக்குப்பம் பக்கம் ஒரு கல்லூரியில் பகுதிநேர வகுப்பு எடுத்துக்கொண்டு, அம்மையாரோடு அடுத்த அறிவிப்புக்காகக் காத்திருக்கிறேன். எனக்கா காத்திருக்கத் தெரியும்? வாரம் ஒரு மின்னஞ்சல் போட்டு அவரைத் தொல்லை செய்கிறேன்.

குழு முடிவு சொல்லி ஒரு மாதம் கழித்து, பட்டைகளைத் திரும்ப வாங்கப் பிள்ளைச்சாவடிக்குப் போனேன். ஓர்ப்படியான அந்தச் சின்ன அக்கா மாத்திரை சாப்பிட்டுவந்தார். முகம் தெளிந்திருந்தது. டீ போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"உன் பிரான்ஸ் வேலை இன்னாச்சு?"

"நின்னுபோச்சுக்கா."

"என்னாலயா?"

"இல்ல, என்னாலதான்." இதோடு நிறுத்தியிருக்கலாம். தன்னைக் காப்பாற்றியவளைப் பார்ப்பதுபோல அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. "அக்கா, உங்களைக் கூட்டிட்டுப் போனேனே புதன்கிழமை, எனக்குத் திங்கக்கிழமையே தெரியும். யாரோ ஒருத்தருக்கு நெஞ்சு சரியில்லன்னு சொல்லிட்டாங்க. என் விண்ணப்பம் போகணுமேன்னு வராம இருந்துட்டேன்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"செவ்வாக்கெழமை, பொதங்கெழமை. ரெண்டு நாளும் விடியறப்ப அதைப் போட்டுகினு உக்காந்திருந்தேனே டீச்சரம்மா. நீ அங்க பாத்துகினு இருப்பேன்னுதான் உக்காந்திருந்தேன்."