மூடிய ஜன்னலும் செவப்புச் செடியும்

மலாயாவில், குளுவாங் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த கூலி லயத்தின் வரிசை வீடுகளில், கருப்பாயி குடியிருந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். கிழக்குப் பார்த்த பலகை ஜன்னல். அதன் அடியில் பழைய பிஸ்கட் தகரத்தில் ஒரு செடி வளர்ந்தது. இலையெல்லாம் ரத்தச் சிவப்பு. மலாய்க்காரர்கள் அதை ஆத்தி ஆத்தி என்பார்கள். கருப்பாயி வீட்டில் அது வெறும் செவப்புச் செடி.

அவள் புருஷன் ஐயாசாமி தண்டவாளம் பழுதுபார்க்கும் கூட்டத்தில் வேலை செய்தான். லாபிஸ் பக்கம் வேலைக்குப் போனபோது ஒரு கம்பத்தில், மலாய்க்காரர் கிராமத்தில், கேட்டு வாங்கிய கிளையை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து அவன்தான் நட்டான். வெளியே வைத்தால் பக்கத்து வீட்டு ஆடுகள் விட்டுவைக்காது; அதனால் அறைக்குள்ளேயே வளர்த்தார்கள். பிள்ளை இல்லாத வீடு. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஓர் இலையையாவது தொட்டுப் பார்க்காமல் ஐயாசாமி வாசலைத் தாண்டமாட்டான்.

1927இல், தண்டவாள ஆணியைச் சம்மட்டியால் அடிக்கும்போது இரும்புச் சில்லு ஒன்று தெறித்து அவன் இடது கண்ணில் ஏறியது. ஆஸ்பத்திரியில் சில்லை எடுத்துவிட்டார்கள். ஆனால் சில வாரத்தில் அடிபடாத வலது கண்ணும் சிவந்து வீங்கியது. வெளிச்சம் பட்டாலே ஊசியால் குத்துவதுபோலத் துடித்தான். இரண்டு கண்ணையும் கட்டி, இருட்டறையில் வைத்திருக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கிளம்பும்போது, கட்டுப்போடும் டிரஸ்ஸர் மரியநாதன் கருப்பாயியை மட்டும் தனியே கூப்பிட்டார்.

“ஏம்மா, இடது கண்ணு போயிருச்சு. அதுல இனிமே பார்வை வராது. மத்ததையாவது காப்பாத்தணும். சொட்டு மருந்தை மறக்காம விடுங்க.”

“அவருகிட்ட சொல்லிட்டீங்களா ஐயா?”

“நேரம் பார்த்து நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா மனசு விட்டுருவாரு.”

அன்று மாலை ஐயாசாமியே கேட்டான். “டிரஸ்ஸர் என்ன சொன்னாரு?”

“கட்டைப் பிரிச்சா ரெண்டும் சரியாயிரும்னாரு,” என்றாள். சொன்ன பிறகு அதை எப்படித் திருப்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் வெளிச்சம் வராமல் கோணிச்சாக்கை ஆணியடித்துத் தொங்கவிட்டாள். செடியைத் தன் தலைமாட்டில் வைக்கச் சொன்னான் ஐயாசாமி. படுத்தபடியே இலையைத் தடவுவான்.

“செவப்பு எப்படி இருக்கு?”

“அப்படியேதான் இருக்கு.”

அப்படி இல்லை. புதிதாக வந்த இலைகள் சோகை பிடித்தவை போல வெளுத்திருந்தன. நரம்பில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. கருப்பாயிக்குப் பயம் வந்தது. அவன் கட்டைப் பிரித்ததும் முதலில் பார்க்கப்போவது இந்தச் செடியைத்தான் என்று நினைத்தாள். ஒருநாள் அவன் கண்ணயர்ந்த நேரத்தில், விட்ட வெயிலை ஒரேயடியாகக் கொடுத்துவிடலாம் என்று தகரத்தைத் தூக்கி உச்சி வெயிலில் வாசற்படியில் வைத்தாள். ஆடு வராமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இருட்டிலேயே கிடந்த இலை அந்த வெயிலைத் தாங்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஓரமெல்லாம் தீய்ந்து சுருண்டுவிட்டது. கருகியதைக் கிள்ளி எறிந்துவிட்டு, மிச்சத்தைப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

மறுநாள் காலையில் ஐயாசாமியின் விரல்கள் தண்டில் வெகுநேரம் ஊர்ந்தன.

“கருப்பாயி, இது செவப்பாவா இருக்கு?”

“ஆமாங்க.”

“கணுவுக்கும் கணுவுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி பாரு. வெளிச்சம் கிடைக்காத செடிதான் இப்படி நீளும். இலையும் பாதியைக் காணோம். ஏன் பொய் சொல்ற?”

அவள் தகரத்தைத் தன் பக்கம் நகர்த்தினாள்.

“வேற என்ன பொய் சொல்லியிருக்க?”

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. இடது கண்ணைப் பற்றி டிரஸ்ஸர் சொன்னதைச் சொல்லிவிட்டாள். அவன் கத்தவில்லை, அழவும் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கஞ்சியைத் தொடவில்லை. மருந்துக் குப்பியோடு அவள் கிட்டே போனபோது கையைத் தட்டிவிட்டான். அடுத்த நாளும் அப்படியே. இருக்கிற கண்ணும் போய்விடுமோ என்ற பதைப்பில், கருப்பாயி ஆஸ்பத்திரிக்கு ஓடி மரியநாதனைக் கையோடு கூட்டிவந்தாள்.

“டிரஸ்ஸரே, வலது கண்ணு?” என்று நேராகக் கேட்டான் ஐயாசாமி.

“நிச்சயமா சொல்ல முடியாதுப்பா. வரலாம், வராமலும் போகலாம். மருந்து விடலேன்னா கண்டிப்பா வராது.”

ஐயாசாமி முகத்தை நிமிர்த்திக் காட்டினான். அன்று மருந்தை விட்டது மரியநாதன்தான். கட்டைப் பிரித்துப் பார்த்தவர், வீக்கம் வடிந்திருக்கிறது, இனி சிறிது சிறிதாக வெளிச்சத்துக்குப் பழகலாம், நேர் வெயில் மட்டும் கூடாது என்றார்.

கருப்பாயி கோணியைப் பிய்த்தாள். ஐயாசாமியின் பழைய வேட்டியை மடித்து அந்த இடத்தில் கட்டி, ஜன்னலைத் திறந்தாள். காலை வெயில் துணியில் வடிந்து பால்போல உள்ளே வந்தது. செடியைத் துணிக்குக் கீழே நகர்த்தினாள். அவன் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டான். கண்ணில் வலி குறையக் குறைய ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தாள். இப்போது அவன் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவாள்.

“புது இலை நடுவுல மட்டும் செவந்திருக்கு. மத்தபடி வெளுப்புதான். கீழ உள்ளது ஒண்ணு அழுகி விழுந்திருச்சு.”

“ம்,” என்பான். அவ்வளவுதான்.

செடி தேறியது. ஐயாசாமியின் வலது கண்ணில் ஆள் வருவதும் போவதும் தெரியும் அளவுக்குத்தான் பார்வை திரும்பியது. சம்மட்டி பிடிக்க அது போதாது. வேலை போனால் லயத்து வீடும் போகும். அதைச் சொல்ல வந்த மண்டோர் சின்னத்தம்பி, கூட்டத்துக்கு மேலாள், வெகுநேரம் வேறு என்னென்னவோ பேசிவிட்டு, “தீபாவளி வரைக்கும் இருந்துக்குங்க,” என்று முடித்தார்.

பாசார்ச் சந்தைக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. ஐயாசாமி தேங்காய் உரிக்கப் போனான். கை பழகிவிட்டால் அந்த வேலைக்குக் கண் அதிகம் வேண்டியதில்லை. புது அறையின் ஜன்னல் மேற்கே பார்த்தது. பிற்பகல் வெயில் அனலாக இறங்கும் என்பதால், கருப்பாயி தகரத்தைச் சுவரோரம் தள்ளி, வெளிச்சம் மட்டும் படும்படி வைத்தாள். ஐயாசாமி வேலையிலிருந்து வந்ததும், செடி மீது வெயில் படுகிறதா என்று புறங்கையை வைத்துத் தானே ஒருமுறை பார்த்துக்கொள்வான்.

செடி விஷயத்தில் மட்டும் இல்லை. அவள் சொல்வது எதையும் அவன் அப்படியே எடுத்துக்கொள்வதை விட்டுவிட்டான். மழை வருகிறது என்றால் கையை வெளியே நீட்டுவான்.

“அன்னிக்கே சொல்லியிருந்தா அழுதிருப்பாரு, அவ்வளவுதான்,” என்று அடுத்த அறை ராஜம்மாவிடம் ஒருநாள் சொன்னாள் கருப்பாயி. “இப்ப சோறு வெந்துருச்சுன்னாக்கூட அமுக்கிப் பார்க்காம நம்ப மாட்டேங்கிறாரு.”

சொல்லிவிட்டு உள்ளே போனாள். உலையிலிருந்து நாலு பருக்கையை அகப்பையில் எடுத்து ஊதி ஆற்றி, ஐயாசாமியின் உள்ளங்கையில் வைத்தாள்.