மாமன் மடிக்கு வந்த போட்டி

என் வீட்டுக்காரருக்கு ஒரு குழந்தை இருக்கையின் மேல் பொறாமை வந்தது. ஆளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நானே அந்த ரகம்தான். ஆனால் காருக்குள் மாட்டுகிற ஒரு பிளாஸ்டிக் சீட்டைப் பார்த்து ஒரு மனிதர் சோறு இறங்காமல் தவித்ததை பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டில் மட்டும்தான் பார்த்திருக்க முடியும்.

பெயர் பாக்கியராஜ். பிறந்தது கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில். அப்பா சுரங்கத் தூசியைச் சுவாசித்தே நுரையீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். அப்போது தங்கை வைஷ்ணவி பள்ளிக்கூடம் கூடப் போகாத குழந்தை. இவர் தினமும் ரயிலில் பெங்களூருக்கு வந்து லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையைக் கற்றுக்கொண்டார். அந்தச் சம்பளத்தில் தங்கையைப் படிக்க வைத்து, விழுப்புரம் பக்கத்து ஐ.டி. மாப்பிள்ளை கவியரசனுக்குக் கட்டிக் கொடுத்தார். லிஃப்டில் எட்டுப் பேர் என்று எழுதியிருந்தால் ஒன்பதாவது ஆளைக் கையைப் பிடித்து வெளியே விடுவார். அந்த ஆள் கட்டடத்து முதலாளியாக இருந்தாலும் சரி. அவ்வளவு கறார். அந்தக் கறாரெல்லாம் லிஃப்டோடு சரி.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பாதிக் கதை விளங்கிவிடும். வைஷ்ணவிக்குப் பெண் குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து ராமமூர்த்தி நகரில் அவள் வீடு வரைக்கும் ஆட்டோவில் இவர்தான் மடியில் வைத்துக் கொண்டுபோனார். நான் பக்கத்தில் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பள்ளம் வந்தால் போதும், இரண்டு கையாலும் குழந்தையை அணைத்துக்கொள்வார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை எந்தப் பள்ளத்துக்கும் பிடித்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது. பிறந்து நாலு நாளான குழந்தை மேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

குழந்தைக்கு யாமினி என்று பெயர் வைத்தார்கள். ஆட்டோ புகை அவளுக்கு ஆகாது என்று இவர் ஒரு பழைய கார் வாங்கினார். எனக்கு மூட்டு வலி வந்தபோது பஸ்ஸிலேயே போய் வந்தவர்தான். ஞாயிற்றுக்கிழமையானால் கப்பன் பார்க், இல்லாவிட்டால் தங்கவயல். கவியரசன் ஓட்டுவான். இவர் முன்சீட்டில் உட்கார்ந்து, யாமினியை மடியில் வைத்து, சீட் பெல்ட்டை இரண்டு பேருக்கும் சேர்த்து இழுத்துப் போட்டுக்கொள்வார். அது பெரிய பாதுகாப்பு என்று அவருக்கு நினைப்பு. எங்களில் ஒருவருக்கும் அது தப்பு என்று தோன்றவில்லை. மாமன் மடியில் குழந்தை இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

அப்போதுதான் ஜெயலட்சுமி வந்து சேர்ந்தாள். கவியரசனின் அக்கா, குழந்தைக்கு அத்தை. கணவர் வேலையாக நியூசிலாந்தில் இருந்துவிட்டு ஒயிட்ஃபீல்டுக்குக் குடிவந்தவள். இரண்டும் பையன்கள், பெண் குழந்தைக்கு ஏங்கிப் போயிருந்தாள். முதல் ஞாயிற்றுக்கிழமை இவர் மடியில் குழந்தையோடு முன்சீட்டில் ஏறியதைப் பார்த்து முகம் வெளுத்துப் போனாள். அடுத்த வாரமே ஒரு குழந்தை சீட்டை வாங்கிக்கொண்டு வந்து, இவருடைய காரில், இவர் அனுமதி கேட்காமல், பின்சீட்டில் முழங்காலை ஊன்றி அழுத்தி மாட்டினாள்.

மாட்டிக்கொண்டே விளக்கமும் சொன்னாள். வண்டி சட்டென்று நின்றால் மடியில் இருக்கும் குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாதாம். பெல்ட்டைச் சேர்த்துப் போட்டால் பெரியவர் உடம்பே குழந்தையை நசுக்கிவிடுமாம். முன்பக்கம் ஏர்பேக் இருப்பதால் குழந்தை அங்கே உட்காரவே கூடாது. சீட்டைப் பிடித்து ஆட்டினால் ஒரு விரல்கடைக்கு மேல் அசையக் கூடாது. தோள் வாரை விரலால் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு வரக் கூடாது. தடித்த துணி எதையும் வாருக்கு அடியில் போடக் கூடாது. சீட்டின் முகம் வண்டியின் பின்பக்கம் பார்த்துத்தான் இருக்க வேண்டும், குழந்தைக்குத் தலை கனம், கழுத்து இளசு, பிரேக் போட்டால் முதுகுப் பக்கத்துப் பலகை மொத்தமாகத் தாங்கிக்கொள்ளும். குறைந்தது இரண்டு வயது வரைக்கும் திருப்பவே கூடாது, சீட்டில் எழுதியிருக்கிற எடை வரைக்கும் அப்படியே விட்டால் இன்னும் நல்லது என்றாள்.

நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். இவர் ஒன்றுக்கும் ஆட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே என்னிடம் பொரிந்து தள்ளினார். தாய்மாமன் மடி குழந்தைக்கு ஆபத்து என்று ஒருத்தி வாய் கூசாமல் சொல்கிறாள், எல்லோரும் கேட்டுக்கொண்டு நிற்கிறீர்கள் என்றார். அவள் உங்கள் மடியைச் சொல்லவில்லை, பிரேக்கைச் சொல்கிறாள் என்றேன். அது அவர் காதில் ஏறவில்லை.

அன்றிலிருந்து ஏற்பாடு மாறிப்போனது. மடியில் குழந்தை இல்லையென்றால் முன்சீட்டில் சும்மா உட்கார்ந்து என்ன செய்வது? இவரே ஓட்ட ஆரம்பித்தார். பக்கத்தில் நான். பின்னால் யாமினியின் சீட், ஒருபுறம் வைஷ்ணவி, மறுபுறம் ஜெயலட்சுமி. ஊருக்குப் போய்த் திரும்புகிற வரைக்கும் குழந்தை அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு வரும். அவள் கண்ணை உருட்டுவாள், நாக்கை நீட்டுவாள், குழந்தை கெக்கெக்கே என்று சிரிக்கும். இவருக்குக் கண்ணாடியில் தெரிந்தது சீட்டின் முதுகு மட்டும்தான். சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் காரணமில்லாமல் ஹாரன் அடிப்பார்.

யாமினிக்கு ஒரு வயது நெருங்கும்போது அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. இவர் தூக்கக் கையை நீட்டினார். குழந்தை இவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜெயலட்சுமியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. குழந்தைகள் அப்படிச் செய்வதுதான். ஆனால் இவர் நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றதைப் பார்த்தபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பட்டால்தான் தெரியும் என்று நினைத்தேன். அப்புறம்தான் பாவமாக இருந்தது.

அடுத்த மாதம் காதுகுத்து. தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் குடும்பத்து முருகன் கோயிலில் ஏற்பாடு. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், அதை எந்த அத்தையாலும் மாற்ற முடியாது. இவர் பட்டு வேட்டி எடுத்தார், தங்கத்தில் குட்டிக் கம்மல் வாங்கினார், தங்கவயல் சொந்தங்களை ஒருவர் விடாமல் அழைத்தார். ஆனால் நாள் நெருங்க நெருங்க ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அத்தனை பேர் பார்க்க மடியில் உட்கார்ந்த குழந்தை இவரைப் பார்த்து வீறிட்டு, அத்தையிடம் கையை நீட்டினால்? வளர்த்த தங்கையின் பிள்ளைக்கே மாமனைத் தெரியவில்லை என்று ஊர் சொல்லாதா? ஊசி குத்தி அழுதால் பரவாயில்லையாம். குத்துவதற்கு முன்னால் அழக் கூடாதாம்.

அன்று காலையில் கவியரசனும் ஜெயலட்சுமியும் அவளுடைய காரில் முன்னாலேயே கோயிலுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் தாயையும் பிள்ளையையும் அழைத்துவர ராமமூர்த்தி நகர் போனோம். வைஷ்ணவி வருவதற்குள் இவர் பின்கதவைத் திறந்து, குழந்தை சீட்டைக் கழற்றி, முன்பக்கம் பார்க்கும்படி திருப்பி மாட்டிக்கொண்டிருந்தார். நான் என்ன இது என்றேன்.

"வழி பூரா என் மூஞ்சப் பாத்துக்கினே வரட்டும் ஆஷா. மறந்துபோனது ஞாபகம் வந்துரும். அப்புறம் மடியில அழ மாட்டா."

வைஷ்ணவியும் தயங்கினாள். ஜெயலட்சுமி அண்ணி சொன்னாங்களே, ரெண்டு வயசு வரைக்கும் என்று இழுத்தாள். ஒரு வயது முடிந்தால் எல்லாரும் திருப்பிவிடுகிறார்கள், தன் ஆபீஸில் எல்லோர் வண்டியிலும் அப்படித்தான் என்று அடித்துச் சொன்னார். அண்ணன் சொல்லை அவள் தட்டிப் பழக்கமில்லை. யாமினிக்குச் சரிகை போட்ட தடித்த பட்டுப் பாவாடை. அது கசங்கக் கூடாது என்று தோள் வாரையும் தாராளமாக விட்டுப் போட்டார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வண்டி கிளம்பியது. அவர் நினைத்தது நடந்தது. கண்ணாடியில் மாமன் முகத்தைப் பார்த்துக் குழந்தை முதலில் முழித்தது, பிறகு சிரித்தது. கே.ஆர். புரம் தாண்டுவதற்குள் கை தட்டியது. இவர் புருவத்தைத் தூக்கினார், மீசையை ஆட்டினார், அது குலுங்கிச் சிரித்தது. அந்த மனிதர் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் எங்கள் கல்யாணத்தன்று கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பது அவருக்கு நினைவே இல்லை. ரோட்டைப் பாருங்கள் என்று சொன்னதில்கூட அக்கறையைவிட எரிச்சல்தான் அதிகம்.

ஹொசக்கோட்டை தாண்டி, நரசாபுரம் பக்கம், தக்காளிக் கூடை ஏற்றிய ஒரு சரக்கு ஆட்டோ நடுச்சாலையில் சட்டென்று திரும்பியது. இவர் கண் கண்ணாடியில் இருந்தது. நான் கத்தினேன். பிரேக்கை முழுசாக மிதித்தார். வண்டி எதிலும் மோதவில்லை. ஆட்டோவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டது. ஆனால் பின்னால் குழந்தை சீட் அப்படியே முன்னுக்குக் கவிழ்ந்து வந்தது, தளர்ந்த வாருக்குள்ளிருந்து யாமினியின் தோள் இரண்டும் வெளியே வர, தலை வெடுக்கென்று முன்னால் போய்த் தாடை நெஞ்சில் மோதித் திரும்பியது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இவர் மட்டும் முழுவதையும் கண்ணாடியில் பார்த்தார்.

பிறகு குழந்தை அலறியது. வாயெல்லாம் ரத்தம். வைஷ்ணவி அதை வாரி எடுத்து அழ ஆரம்பித்தாள். இவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறாமையும் இல்லை ஒன்றும் இல்லை, முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்தேன்.

சாலையோரம் இருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா கழுத்தைத் தடவி, தலையைத் திருப்பி, கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். பல் பட்டுக் கீழுதடு கிழிந்திருந்தது, வேறொன்றும் இல்லை, கடவுள் கருணை என்ற அர்த்தத்தில் தேவர தயை என்று கன்னடத்தில் சொன்னார். இது வெறும் பிரேக் என்பதால் தப்பித்தீர்கள், மோதியிருந்தால் நான் இப்படிப் பேசிக்கொண்டிருக்க மாட்டேன் என்றும் சொன்னார். மத்தியானம் வரைக்கும் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். காதுகுத்து முகூர்த்தம் அங்கேயே கழிந்தது.

செய்தி கேட்டு ஜெயலட்சுமியும் கவியரசனும் திரும்பி வந்தார்கள். அவள் முதலில் குழந்தையைப் பார்த்தாள், பிறகு வெளியே போய்க் காரைப் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள். முன்பக்கம் பார்க்க மாட்டுவதற்குப் பெல்ட்டை நுழைக்கும் வழியே வேறு, இதில் பழைய வழியிலேயே நுழைத்திருக்கிறது, அதனால்தான் சீட் கவிழ்ந்தது, யார் திருப்பியது என்று கேட்டாள்.

வைஷ்ணவி அண்ணனைக் காட்டிக் கொடுக்காமல் தரையைப் பார்த்தாள்.

"நான்தாம்மா திருப்பினேன்," என்றார் இவர். "உன்னயே பாத்துக்கினு வராளேன்னு எனக்குப் பொறுக்கல. என்னப் பாக்கட்டும்னு திருப்பினேன்."

பட்டு வேட்டியோடு நின்று, தன்னைவிடச் சின்னவளிடம் அவர் அதைச் சொன்னார். இவர் வெளியே போய், வேட்டியை மடித்துக் கட்டி, பின்சீட்டில் முழங்காலை ஊன்றி, குழந்தை சீட்டைப் பழையபடி பின்பக்கம் பார்க்க மாட்டினார். பிடித்து ஆட்டிப் பார்த்தார். கழற்றி மறுபடி மாட்டினார். பிறகு ஜெயலட்சுமியைக் கூப்பிட்டு, சரியா இருக்கா பாரும்மா என்றார். லிஃப்டுக்குக் கூட அவர் யாரையும் சரிபார்க்கக் கூப்பிட்டு நான் கண்டதில்லை.

மத்தியானம் கிளம்பும்போது யாமினிக்குப் பாவாடையைக் கழற்றிவிட்டு மெல்லிய சட்டை போட்டார்கள். இவர் பக்கத்தில் வந்ததுமே குழந்தை உதட்டைப் பிதுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டது. வைஷ்ணவி கலங்கிப் போனாள். இப்படிப் பயந்து போயிருக்கிறாளே, அடுத்த வாரம் காதுகுத்து வைத்தால் உன்னைப் பார்த்தாலே அழுவாளே அண்ணா என்றாள்.

"அழட்டும்மா," என்றார். "கழுத்து நேரா நின்னு அழட்டும்."

அவளை விட்டுவிட்டு ஜெயலட்சுமியிடம் திரும்பினார்.

"நீ அவ பக்கத்துல ஒக்காரு. நான் ரோட்டப் பாக்கறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே கோயிலில் காது குத்தினோம். அவர் பயந்தபடியே நடந்தது. மடியில் வைத்த உடனே, ஊசி பக்கத்தில் வருவதற்கு முன்பே, யாமினி வீறிட்டுக் கத்தி அத்தையைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள். தங்கவயல் சொந்தம் மொத்தமும் பார்த்தது. இவர் தலை குனியவில்லை. குழந்தையின் தலை அசையாமல் பிடித்துக்கொண்டு, இரண்டு காதும் குத்தி முடிந்ததும், தானே எழுந்து போய்க் குழந்தையை ஜெயலட்சுமியின் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் பின்னால் அத்தையும் குழந்தையும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். இவர் தாடை இறுகியிருந்தது, காது மடல் சிவந்திருந்தது. பொறாமை எங்கேயும் போய்விடவில்லை, எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் கண் சாலையை விட்டு அசையவில்லை. இத்தனை வருஷம் நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பயணங்களில் ஒருதரம்கூட அவர் அப்படி ஓட்டியதில்லை. அந்தக் குழந்தை கொடுத்து வைத்தது என்று நினைத்தேன். அப்போதும் வயிறு எரிந்தது. ஆனாலும் அவர் கவனம் சிதறிவிடக் கூடாதென்று, பெங்களூர் வந்து சேரும் வரைக்கும் நான் அவரிடம் பேச்சுக் கொடுக்கவில்லை.