கிரேக்கக் கடையில் மரக்கறி

சுவிஸின் லோசான் நகரில் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் சிறிய கிரேக்க உணவகத்துக்குள் நுழைகிறேன். கிரேக்கச் சாப்பாடு எனக்குப் பழக்கமில்லை. மெனு முழுக்க ஆட்டிறைச்சி. மரக்கறி ஏதும் உண்டா என்று பிரெஞ்சில் தடுமாறுகிறேன். சமையலறையிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து முகம் எட்டிப் பார்க்கிறது.

“மரக்கறியோ அண்ணை? இண்டைக்கு வெள்ளியும் இல்லையே. செத்தவீடோ?”

“இல்லை. என்ரை தம்பி முன்னாலை ஆஸ்பத்திரியிலை. மெசினிலைதான் மூச்சு ஓடுது.”

“அப்ப உயிர் இருக்கெல்லோ. பிறகேன் இப்பவே மரக்கறி?”

கூர் நகரத்திலிருந்து ரயிலில் வரும்போதே மனதுக்குள் தம்பியை எரித்து முடித்துவிட்டேன் போலிருக்கிறது.

“இறைச்சியே தாங்கோ” என்கிறேன்.

எலுமிச்சை பிழிந்த ஆட்டிறைச்சி சுடச்சுட வருகிறது. ஒரு துண்டை வாயில் வைத்து மென்றுகொண்டே இருக்கிறேன். விழுங்க முடியவில்லை. துப்பவும் பயமாக இருக்கிறது.